ரிமோட் சாவி வேலை செய்யவில்லை, கார் பூட்டிக் கிடக்கிறது: உடைக்காமல் திறப்பது எப்படி?

வெயில்காத்தான்:

பட்டன் ஸ்டார்ட் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், வாங்கி ஐந்து வருடம். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் பத்து நாளாக எடுக்காமல் நிற்கிறது. ரிமோட்டை அமுக்கினால் கதவு திறக்கவில்லை, இண்டிகேட்டரும் சிமிட்டவில்லை. கைப்பிடியில் இருக்கும் சின்னக் கறுப்பு பட்டனை அமுக்கினாலும் அதே கதைதான். ரிமோட்டில் வழக்கமாக மின்னும் சிவப்புப் புள்ளி மின்னவே இல்லை. ஸ்பேர் சாவி வெளியூரில். ஓட்டுநர் கதவில் சாவி ஓட்டையே காணோம், வழவழவென்று கைப்பிடி மட்டும்தான். ஓனர் மேனுவல், வேறெங்கே, டேஷ்போர்டுக்குள்.

மூன்று சந்தேகம். எதையும் உடைக்காமல் திறக்க வழி உண்டா? திறந்தால் அலாரம் அலறுமா? ரிமோட் செத்த நிலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா? பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டீல் ஸ்கேலைக் கண்ணாடி ஓரமாக விட்டு நெம்பினால் போதும் என்கிறார்.

கிளட்ச்பிளேட்:

ஸ்கேலை முதல்ல கீழ வைக்கச் சொல்லுங்க. அது மாருதி 800, அம்பாசிடர் காலத்து வித்தை. அப்போ லாக்குக்கும் மேல இருக்கற குமிழுக்கும் நடுவுல ஒரு கம்பி மொட்டையா ஓடும், அதை ஸ்கேல் நுனியில மாட்டி இழுத்துடலாம். இப்போ வர்ற வண்டியில உறை போட்ட கேபிள், லாக்கைச் சுத்தி பிளாஸ்டிக் கவசம். ஸ்கேல் பிடிக்க அங்க ஒண்ணுமே இல்ல. பவர் விண்டோ ஒயரும், சில வண்டியில ஏர்பேக் சென்சாரும் அதே கதவுக்குள்ளதான் இருக்கு. ஒயரை அறுத்து வச்சீங்கன்னா அப்புறம் அது வேற செலவு.

உங்க ரிமோட்டுக்குள்ளயே ஒரு இரும்புச் சாவி இருக்கு. ஓரத்துல சின்னதா ஒரு தள்ளு பட்டன் இருக்கும், அதை நகர்த்திப் பிடிச்சுக்கிட்டே வளையம் மாட்டற முனையை இழுத்தா சாவி உருவிக்கிட்டு வரும். சிலதுல பட்டனை அமுக்கணும்.

ஓட்டை இல்லாம இருக்காது, மறைஞ்சிருக்கு. மாருதியில பல மாடல்ல வெளியிலேயே தெரியும். ஹூண்டாய், கியா வண்டி பலதுல மூடி போட்டு வச்சிருப்பாங்க. கைப்பிடியில நாம இழுக்கற பாகம் ஒண்ணு, அதுக்குப் பின்னால அசையாத ஒரு துண்டு ஒண்ணு, பார்த்திருப்பீங்க. அந்தத் துண்டுதான் மூடி. கீழ்ப்பக்கம் விரலை விட்டுத் தடவினா ஒரு சின்னப் பிளவு தட்டுப்படும். இடது கையால கைப்பிடியை முழுசா இழுத்துப் பிடிங்க, விடக்கூடாது. வலது கையால சாவி நுனியை அந்தப் பிளவுல விட்டு அமுக்கிக்கிட்டே மூடியை வெளிப்பக்கமா தள்ளுங்க. கைப்பிடியை இழுக்காம நெம்பினாத்தான் கொக்கி உடையும், பெயின்ட்டும் கீறும். செல்போன் டார்ச் வேணும், பேஸ்மென்ட் வெளிச்சத்துல அந்தப் பிளவு தெரியாது.

வருஷக்கணக்கா சாவி நுழையாத ஓட்டைங்கறதால இறுக்கமா இருக்கும். சாவியை முழுசா உள்ள விட்டு, ஏழெட்டுத் தடவை வெளிய எடுத்துப் போடுங்க. அப்புறம் லேசா ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. கட்டிங் பிளேயர் போட்டுத் திருகற வேலையே வேண்டாம். இந்தச் சாவித் தகடு மெல்லிசு, முறிஞ்சு பாதி உள்ள நின்னா ஓட்டையும் போச்சு. இன்னும் வரலைன்னா கிராஃபைட் பொடி ரெண்டு பீய்ச்சு, இல்ல உலர்ற லாக் ஸ்பிரே. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அன்னைக்கு வழுக்கும், நாலு மாசத்துல தூசியோட சேர்ந்து பிசின் மாதிரி ஆயிடும்.

அலாரம்: ரிமோட்டால பூட்டின வண்டியைச் சாவியால திறந்தா பெரும்பாலும் அடிக்கும். திருடன்னு நினைக்குது, அதோட வேலை அது. பதறாம உள்ள உட்கார்ந்து இக்னிஷன் போட்டா நின்னுடும். வாட்ச்மேன்கிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

ரேடியோப்பெட்டி:

ஸ்டார்ட் விஷயத்துக்கு நான் வருகிறேன். ரிமோட்டில் செல் (உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி) அடியோடு தீர்ந்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். காரணம், அதற்குள் இரண்டு தனித்தனி வேலை நடக்கிறது. கதவைத் திறக்கும் ரேடியோ செய்திக்கு, இங்கே பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், செல் வேண்டும். சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாதபடி தடுக்கும் அமைப்புதான் இம்மொபிலைசர்; ரிமோட்டில் இருக்கும் அதன் சிப்புக்குச் செல்லே வேண்டாம். ஸ்டார்ட் பட்டனைச் சுற்றி ஒரு காயில் (கம்பிச் சுருள்) இருக்கும். அது எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே அந்தச் சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடும். ஆனால் அந்தக் காயில் எட்டும் தூரம் சில சென்டிமீட்டர்தான்.

அதனால் கிளட்சை முழுதாக மிதியுங்கள் (ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்), ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடியுங்கள். ஹூண்டாயில் ரிமோட்டாலேயே பட்டனை அமுக்க வேண்டும். டொயோட்டாவில் சின்னம் பொறித்த பக்கம் பட்டனைத் தொட வேண்டும். வேறு சில வண்டிகளில் முதலில் பட்டனை அமுக்கி, மீட்டரில் விளக்கு மின்னும்போது ரிமோட்டின் முனையை இரண்டு விநாடி பட்டனில் வைக்க வேண்டும். பட்டனில் இல்லாமல் கப் ஹோல்டரிலோ ஸ்டீயரிங் தண்டின் ஓரத்திலோ இந்த இடம் இருக்கும் கார்களும் உண்டு. உங்கள் மாடலின் மேனுவல் பிடிஎஃப் தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கும், இறக்கி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. இரும்புச் சாவியை உருவிய இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பள்ளத்தில் விட்டுத் திருகினால் டக்கென்று இரண்டாகப் பிரியும். செல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். செல் மீது எண் இருக்கும், அதையே வாங்குங்கள். பெரும்பாலும் சிஆர்2032. அதாவது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கடைக்காரர் 2025ஐ நீட்டினால் வாங்காதீர்கள். அகலம் ஒன்றுதான், தடிமன் 2.5தான். முதலில் வேலை செய்யும், பிறகு சாவி கீழே விழும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டுப் போகும்.

புதுச் செல்லின் விளிம்பைப் பிடித்துப் போடுங்கள். உலோக இடுக்கி ஆகாது, இரு பக்கமும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்களும் விற்கின்றன. சில ரிமோட்டுகளில் அந்தப் பூச்சே தொடர்பைத் தடுக்கும். புதுச் செல் போட்டும் விளக்கு எரியவில்லை என்றால் செல்லின் ஓரத்தைத் துணியால் அழுத்தித் துடைத்து, தகட்டு நாக்கை ஒரு நூலளவு மேலே தூக்கிவிட்டுப் பாருங்கள்.

மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறது, செல் நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் ஏமாறுவார்கள். சுமை இல்லாமல் அளந்தால் தீர்ந்த செல்லும் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். 470 ஓம் ரெசிஸ்டரைச் சுமையாகக் குறுக்கே வைத்து அளந்தால் சாயம் வெளுத்துவிடும். 2.5க்கு விழுந்தால் தூக்கிப் போடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இது இன்னும் மோசம். அங்கே ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்தாலே ஒருமுறை திறக்கும் அளவுக்கு உயிர் வந்துவிடும்.

இன்னொன்று. ஸ்பேர் சாவியை வெளியூரில் இருப்பவர் ஃபோன் அருகே அமுக்கினால் இங்கே கதவு திறக்கும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை, ஃபோன் கடத்துவது குரல். திறக்காது.

வெயில்காத்தான்:

மூடி கழன்றது, பிளவு நீங்கள் சொன்ன இடத்தில்தான். சிஆர்2032 மாற்றினேன், சிவப்புப் புள்ளி பளிச்சென்று மின்னுகிறது. ஆனாலும் ரிமோட்டில் திறக்கவில்லை. இரும்புச் சாவியால் திறந்தேன். அலாரம் அடிக்கவில்லை. ரூஃப் லைட் எரியவில்லை. ரிமோட்டை ஒட்டி வைத்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை. ரிமோட்டை மறுபடி புரோகிராம் பண்ண வேண்டுமா? மேனுவல் கியர்தானே, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

கிளட்ச்பிளேட்:

புரோகிராமிங் எல்லாம் வேண்டாம். கதவைத் திறந்தும் அலாரம் அடிக்கல, ரூஃப் லைட்டும் இல்லைன்னா காது கேட்காதது வண்டிக்குத்தான். கார் பேட்டரி இறங்கிடுச்சு. ரெண்டு பேட்டரிக்கும் அஞ்சு வயசு, ரெண்டும் சேர்ந்து படுத்துருக்கு, அவ்வளவுதான். இனிமே யாருக்கு இப்படி ஆனாலும் முதல்ல ரிமோட் விளக்கைப் பாருங்க. விளக்கு எரியலைன்னா ரிமோட் செல். விளக்கு எரிஞ்சும் கார் ஊமையா நின்னா கார் பேட்டரி.

தள்ளறது பிரயோஜனமில்ல. இம்மொபிலைசர், ஃபியூயல் பம்ப், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் கரண்ட் வேணும். ஸ்டீயரிங் லாக்கும் விடாது. ஆட்டோமேட்டிக்னா கேட்கவே வேண்டாம்.

பானெட் லிவர் கேபிள்லதான் ஓடுது, கரண்ட் தேவையில்ல. திறந்து மீட்டர் வைங்க. நல்ல பேட்டரி 12.6 வோல்ட். 12க்குக் கீழ போனா கிட்டத்தட்ட காலி. இன்னொரு வண்டி பேட்டரியிலேர்ந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் பண்ணலாம். அதுக்கு மாட்டற ஜம்ப் கேபிள் விரல் தடிமன்ல இருக்கணும், மெல்லிசான ஒயர் சூடாகுமே தவிர ஸ்டார்ட்டரைச் சுத்தாது. ரெண்டு வண்டியும் ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. சிவப்பு முதல்ல உங்க பேட்டரி பிளஸ்ல, மறுமுனை அடுத்த வண்டி பிளஸ்ல. கறுப்பு அடுத்த வண்டி மைனஸ்ல. கடைசி முனையை உங்க பேட்டரி மைனஸ்ல மாட்டாதீங்க, இன்ஜின்ல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்ல மாட்டுங்க. கடைசியா மாட்டற இடத்துல பொறி தெறிக்கும், பேட்டரி பக்கத்துல வாயு இருக்கும், அதனாலதான். அடுத்த வண்டியை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. கழட்டும்போது தலைகீழ் வரிசை.

ஸ்டார்ட் ஆனதும் அணைக்காம முக்கால் மணி நேரம் ஓட்டுங்க. அதோட முழுசா சார்ஜ் ஆயிடும்னு நினைக்காதீங்க. இந்த அளவு இறங்கின பேட்டரியை, இன்ஜினோட சுத்திக் கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர் நிரப்பாது, சார்ஜர்ல ஒரு ராத்திரி போடணும். அஞ்சு வருஷப் பேட்டரிக்கு அதுக்கப்புறமும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

சாவிக்கொத்து:

எலெக்ட்ரிக் கார் வச்சிருக்கறவங்களும் இதைப் படிங்க. கதவு லாக்குக்கு அதுலயும் தனியா ஒரு 12 வோல்ட் பேட்டரிதான். பெரிய பேட்டரி 80 சதவீதம் இருந்தாலும் சின்னது செத்தா ரிமோட்டுக்குக் கதவு திறக்காது. பேட்டரியை டிக்கியில வச்சிருக்கற ஜெர்மன் கார் சிலதுல ஜம்ப் பண்ண பானெட்டுக்குள்ள தனியா முனை கொடுத்திருப்பாங்க, டிக்கியை நெம்ப வேண்டாம்.

டிக்கியில சாமான் மாட்டிக்கிட்டா பின் சீட்டை மடிச்சு உள்ள போங்க. பின் கதவோட உட்புற பிளாஸ்டிக்ல சின்ன மூடி இருக்கும். அதைக் கழட்டி ஸ்க்ரூடிரைவரால உள்ள இருக்கற நெம்புகோலைத் தள்ளினா திறக்கும். பல ஹேட்ச்பேக்ல இது உண்டு.

சாவியே உள்ள மாட்டிக்கிச்சுன்னா சாவிக்கடைக்காரரைக் கூப்பிடுங்க. காத்துப் பையை கதவு இடுக்குல வச்சு ஊதி, ரப்பர் சுத்தின நீளக் கம்பியை விட்டு உள் கைப்பிடியை இழுப்பாங்க. இரும்பு உளியால கதவைப் பிளக்கறவரா இருந்தா அனுப்பிடுங்க, அப்புறம் மழையில தண்ணி உள்ள வரும். உருப்படியான ஆள் முதல்ல ஆர்.சி. காட்டச் சொல்வார், கோவிச்சுக்காதீங்க.

குழந்தை உள்ள இருந்தா மட்டும் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். வெயில்ல பூட்டின காருக்குள்ள பத்தே நிமிஷத்துல சுமார் பத்து டிகிரி ஏறும். 112 அடிக்கச் சொல்லிட்டு, குழந்தைக்கு எட்டத்துல இருக்கற பக்கவாட்டுக் கண்ணாடியை உடைங்க. நடுவுல அடிச்சா எகிறும், கீழ் மூலையில கூர்மையான எதாலயாவது அடிங்க. முன் கண்ணாடியை உடைக்கப் பார்க்காதீங்க, அது நடுவுல பிளாஸ்டிக் ஒட்டினது, விரிசல் விடுமே தவிர உதிராது. சின்ன முக்கோணக் கண்ணாடிதான் மலிவுன்னு சொல்வாங்க. பல வண்டியில அது பசை போட்டு ஒட்டினது, மாத்தக் கதவுக் கண்ணாடியை விட அதிகம் ஆகும்.

வெயில்காத்தான்:

11.2 வோல்ட் காட்டுகிறது. பேட்டரியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போகிறேன், நாளைதான் தருவார்களாம். அதுவரை கரண்ட் இல்லாமல் நான்கு கதவையும் எப்படிப் பூட்டுவது?

கிளட்ச்பிளேட்:

பின் கதவு ரெண்டையும் உள்பக்க லாக் லிவரைத் தள்ளிட்டு அப்படியே சாத்துங்க, பூட்டிக்கும். முன்னால பயணி கதவும் பல வண்டியில இதே மாதிரிதான். லிவர் இல்லைன்னா கதவைத் திறந்து, லாக் இருக்கற பக்கவாட்டு ஓரத்தைப் பாருங்க, சின்ன ரப்பர் மூடிக்குள்ள ஒரு பிளவு இருக்கும். இரும்புச் சாவியை அதுல விட்டுக் கால் திருப்பு திருப்பிட்டுச் சாத்தணும். கடைசியா ஓட்டுநர் கதவு, வெளியிலிருந்து சாவியால. அதுக்கு முன்னாடி ரிமோட் ரெண்டு பாகமும் கையில இருக்கான்னு பார்த்துக்கோங்க. பானெட்டையும் சாத்துங்க, லிவர் உள்ளதான் இருக்கு.

நாளைக்குப் பேட்டரி மாட்டும்போது மைனஸைக் கடைசியா மாட்டுங்க. பூட்டின ஞாபகத்துல வண்டி உடனே ஹாரன் அடிக்கலாம், ரிமோட்டை எடுத்து அன்லாக்கை ஒரு தடவை அமுக்கினா அடங்கிடும். பவர் விண்டோ ஒரே அமுக்குல மேல ஏறலைன்னா ரிப்பேர்னு நினைக்காதீங்க. கண்ணாடியை முழுசா ஏத்திட்டு ஸ்விட்சை ரெண்டு மூணு விநாடி இழுத்துப் பிடிச்சா பல வண்டியில பழையபடி ஆயிடும்.