காவடிச் சாமான் விற்கும் தளம்: பணம் அனுப்பலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். தைப்பூசக் காவடிக்காக அத்தை ஒரு வலைத்தளத்தில் பித்தளை வேலும் பால்குடமும் பார்த்து வைத்திருக்கிறார். கடையைவிடப் பாதி விலை. இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால்தான் பூசத்துக்கு முன் வந்து சேருமாம். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

உலாவியில் தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறது. ஆனால் அது இணைப்பு மறையாக்கப்பட்டது என்பதற்கு மட்டும்தான், விற்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. ஹூயிஸில் (தளப் பெயர் எப்போது பதிவானது என்று காட்டும் தேடல்) தேடினால் டொமைன் பதிவாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தின் அடியிலோ '2009 முதல் உங்கள் சேவையில்'! படங்களை கூகுள் லென்ஸில் போட்டேன். அதே வேல் பல இந்தியக் கடைகளிலும் வருகிறது (மொத்தமாக வாங்கி விற்பவர்களும் அப்படிப் போடுவதுண்டு, அதை வைத்து முடிவு கட்ட முடியாது). இந்நாட்டின் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டப்படி விற்பவர் தளத்தில் தெரு முகவரியும் தொலைபேசி எண்ணும் காட்ட வேண்டும். இங்கே வாட்ஸ்அப் எண் மட்டும்.

கேட்டதற்கு நிறுவனப் பதிவு எண் அனுப்பினார்கள். சிஐபிசி (இங்கே நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) தளத்தில் அந்த எண்ணில் உண்மையாகவே ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கேதான் சிக்கிக்கொண்டேன்: யாருடைய எண்ணையும் எடுத்துப் போடலாமே.

அப்புறம், கார்டு வாங்க மாட்டார்களாம், ஈஎஃப்டி (வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது) மட்டும். கார்டு என்றால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். ஈஎஃப்டியில் போன பணம் திரும்புவது கஷ்டம்.

அவர்கள் கொடுத்த வங்கிக் கணக்கு அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறதா என்று, பணம் அனுப்பும் முன்பே சரிபார்க்க என்ன வழி?