குடும்பக் குழு: இரக்கமற்ற தளபதி எத்தனை காலம் வெல்வார்?

அருண்: கவிதா அக்கா அனுப்பியிருந்த கர்னால் போர் காணொளியை இப்போதுதான் பார்த்து முடித்தேன். தம் படையைவிடப் பெரிய முகலாயப் படையை 1739 பிப்ரவரியில் பாரசீக அரசர் நாதிர் ஷா சில மணி நேரத்தில் நொறுக்கியதைப் பார்க்கும்போது, ஈவிரக்கம் பாராமல், எல்லாவற்றையும் பணயம் வைத்துப் போரிடும் தளபதியை யாராலும் வெல்ல முடியாது என்றே தோன்றுகிறது. பெரியப்பா என்ன சொல்கிறீர்கள்?

பெரியப்பா: போர்க்களத்தில் அவரை வெல்வது அரிது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், அருண். ஆனால் கர்னாலுக்குப் பிறகு எட்டே ஆண்டுகளில், 1747 ஜூனில், அவரைக் கூடாரத்துக்குள் புகுந்து வெட்டிக் கொன்றவர்கள் எதிரிகள் அல்லர், அவருடைய அதிகாரிகளே.

ராஜி சித்தி: அத்தான், துணிச்சலையும் கொடுமையையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் குழம்புகிறது என்று நினைக்கிறேன். ரோமை எதிர்த்த கார்தேஜ் தளபதி ஹானிபால் கி.மு. 218இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் வந்தார், 216இல் அங்கே கன்னேயில் ரோமானியப் படையைச் சுற்றி வளைத்து அழித்தார். அவரைவிடப் பெரிய சூதாடி யார்? ஆனாலும், பல இனத்தவர் சேர்ந்திருந்த அந்தக் கூலிப்படை அந்நிய மண்ணில் பதினைந்து ஆண்டுகள் அவரோடு நின்றது, கலகம் செய்யவில்லை. அவருக்குத் தடையாக இருந்தது வேறு. பிடிபட்ட தம் வீரர்களைக்கூடப் பணம் கொடுத்து மீட்க மறுத்த ரோம், புதுப் படைகளைத் திரட்டிக்கொண்டு, அவரோடு நேருக்கு நேர் மோதுவதையே தவிர்த்தது. அவர் பக்கம் சாய்ந்த கபுவா நகரையும் 211இல் திரும்பப் பிடித்தது. எதிரி பந்தயத்துக்கே வர மறுத்துவிட்டால் சூதாடி என்ன செய்வார்?

அருண்: அப்படியானால் செங்கிஸ் கான், சித்தி? அவரைவிட இரக்கமற்றவர் உண்டா? அவர் 1227இல் இறந்த பிறகும் பேரரசு வளர்ந்துகொண்டுதானே போனது?

கவிதா: அருண் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறான். கொடுமை எப்போதும் தோற்கும் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வரலாறு அப்படி இல்லை.

பெரியப்பா: செங்கிஸ் கானின் கொடுமைக்கு ஒரு விதி இருந்தது என்பதைக் கவனியுங்கள். பணிந்த நகரம் பெரும்பாலும் பிழைத்தது, எதிர்த்த நகரமும் வாக்கு மீறிய நகரமும் அழிந்தன. ஆகவே உயிர் பிழைக்க என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய ஆட்களுக்கோ அந்த விதி இன்னும் தெளிவானது. ஒரு போரில் எதிரணியில் நின்று அவர் பக்கமே அம்பு எய்த ஜெபே, பிடிபட்டதும் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டதால் படைத்தலைவராக உயர்ந்தார். குலப்பெருமை ஏதுமில்லாத சுபுதாய், தலைவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் 1241இல் ஹங்கேரி வரை படை நடத்தினார். தவிர, வெளியிலிருந்து பார்த்தால் கண்மூடித்தனமாகத் தோன்றிய அவர்களுடைய பாய்ச்சலுக்கு முன்னால் ஒற்றர்களும் வணிகர்களும் நீண்ட காலம் திரட்டிய செய்தி இருந்தது. அதை நான் சூதாட்டம் என்று சொல்ல மாட்டேன்.

கவிதா: அப்பா சொல்வதைக் கேட்டால், நாதிர் ஷாவும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறார். 1733 கோடையில் இராக்கிலுள்ள சமர்ரா அருகே உஸ்மானியத் துருக்கியர்களிடம் அவர் படுதோல்வி அடைந்தார். அப்போது அதிகாரிகள் மீது பழியைப் போடாமல், வீரர்கள் இழந்த குதிரைகளையும் தளவாடங்களையும் ஈடுசெய்து படையை மறுபடி கட்டினார். அதே ஆண்டிலேயே திரும்பி வந்து, தம்மைத் தோற்கடித்த தோபல் உஸ்மான் பாஷாவின் படையை முறியடித்தார். என்னைக் கேட்டால், கர்னாலைவிட அதுவே அவருடைய பெரிய வெற்றி. காணொளிகளில் ஏனோ அதை யாரும் காட்டுவதில்லை.

அருண்: அப்படி இருந்தவர் பிறகு ஏன் மாறினார்?

பெரியப்பா: 1741இல் காட்டு வழியில் அவரைச் சுட்டுக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் தம் மூத்த மகன் ரெசா குலி என்று சந்தேகித்த அவர், மகனின் கண்களையே பறித்தார். காக்கசஸ் மலைப்பகுதியான தாகெஸ்தானின் மலைவாசிகளோ திறந்த வெளிக்கு இறங்கி வராமல் அவருடைய படையைப் பசியாலும் குளிராலும் தேய்த்தார்கள். அதன் பிறகு வரி கட்டியவனும் தண்டிக்கப்பட்டான், கட்டாதவனும் தண்டிக்கப்பட்டான். விசுவாசமான அதிகாரிக்கும் நாளைக்குத் தலை தப்பும் என்ற உறுதி இல்லை. தங்களைக் கைது செய்யும்படி அவருடைய படையின் ஆப்கானியப் பிரிவுக்கு ஆணை போயிருக்கிறது என்ற செய்தி கசிந்ததும் அந்த அதிகாரிகள் முந்திக்கொண்டார்கள் என்று எழுதுகிறார்கள். அவர்கள் இடத்தில் இருந்தவர்களுக்கு வேறு எந்த வழி மிச்சமிருந்தது? பணிந்தாலும் சாவு என்றால், எதிர்ப்பதில் புதிதாக இழப்பதற்கு ஏதுமில்லை.

அருண்: ஆனால் பெரியப்பா, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புத் தளபதி கிராண்டையும் கசாப்புக்காரர் என்று ஏசினார்களே. 1864இல் கோல்டு ஹார்பரில் அத்தனை பேரைப் பலிகொடுத்தும் அவர்தானே வென்றார்?

ராஜி சித்தி: கிராண்டின் கணக்கு வேறு, அருண். அவருக்குப் பின்னால் ஆட்களும் தொழிற்சாலைகளும் ரயில் பாதைகளும் இருந்தன. எதிரில் நின்ற தெற்குத் தரப்புத் தளபதி லீயால் இழந்த வீரனுக்கு ஈடாக இன்னொருவனைக் கொண்டுவர முடியவில்லை. உண்மையில் அந்தப் போரில் பெரும் சூதாட்டம் ஆடியவர் லீதான். 1863இல் கெட்டிஸ்பர்க்கில் தம் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தார், அந்தப் பள்ளத்தை அவரால் பிறகு நிரப்பவே முடியவில்லை.

அருண்: அப்படியானால் கர்னாலுக்குப் பிறகு டெல்லியைக் கொள்ளையடித்ததோடு நாதிர் ஷா நிறுத்தியிருந்தால் அவருடைய அரசு நிலைத்திருக்குமா?

பெரியப்பா: நிறுத்தும் வசதி அவருக்கு இருந்தது என்பதே எனக்கு வியப்பு. டெல்லிக் கொள்ளை அவ்வளவு பெரியது என்பதால் பாரசீகத்துக்கு மூன்று ஆண்டு வரிவிலக்கு அறிவித்தார். பிறகு அந்தச் செல்வத்தைக் கலாத் கோட்டையில் பூட்டி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த போர்களுக்காக அதே மக்களை வரிக்காக வதைத்தார். 1743க்குப் பிறகு கிளர்ச்சி வெடிக்காத மாகாணம் குறைவு.

கவிதா: அவர் இறந்த பிறகு அந்தப் படை என்ன ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்பா. ஆப்கானியப் பிரிவின் தலைவர் அகமது ஷா தம் ஆட்களோடு கந்தஹாருக்குப் போய் அதே ஆண்டில் தனி அரசராகிவிட்டார். நாதிர் ஷாவின் பேரன் ஷாருக்கிற்குக் கடைசியில் மிஞ்சியது வடகிழக்குப் பாரசீகத்தின் குராசான் மட்டும்தான்.