சியரா நெவாடா பேல் ஏலை வீட்டில் வடிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980-இல் தொடங்கிய சியரா நெவாடா நிறுவனத்தின் பேல் ஏல்தான் எனக்கு மிகவும் பிடித்த பியர். அதையே 20 லிட்டர் அளவில் வீட்டில் வடிக்க விரும்புகிறேன். அதன் மணத்துக்கு எதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும்?

மறுமொழி 1:
மால்ட்டைப் (முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை) பொறுத்தவரை சிக்கல் இல்லை: நாலரை கிலோ பேல் மால்ட்டும் 450 கிராம் கேரமல் மால்ட்டும் போதும். உயிர்நாடி, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் ஒரு வகையான காஸ்கேட்தான். கசப்புக்கு மேக்னம், பெர்லே ஆகிய ஹாப்ஸ் வகைகளை முன்னதாகவே சேர்த்துவிட்டு, காஸ்கேடின் பெரும்பங்கை அடுப்பை அணைக்கும் தறுவாயில் போட்டால்தான், கொதியில் ஆவியாகிப் போகும் எண்ணெய்கள் தங்கி, பம்ப்ளிமாஸ் தோலைக் கீறியதும் எழும் அந்த வாசம் கிடைக்கும். பொட்டலத்தைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பாலாடைக்கட்டி நெடி அடித்தால் அந்த ஹாப்ஸ் பழையது, வேண்டாம்.

மறுமொழி 2:
ஈஸ்ட்டையும் மறந்துவிடாதீர்கள். இந்த ஏல் புட்டியிலேயே நொதித்து முதிர்வதால், அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். புதிய புட்டி ஒன்றின் வண்டலை, கொதிக்க வைத்து ஆற்றிய நீர்த்த மால்ட் கரைசலில் தூய்மையாகச் சேர்த்து வளர்த்தால், அவர்களுடைய ஈஸ்ட்டே உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் யுஎஸ்-05 உலர் ஈஸ்ட் நல்ல மாற்று. நொதித்தலின்போது வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. புட்டி ஈஸ்ட்டையே வளர்த்துப் பார்க்கிறேன். காஸ்கேடைப் பொடித்த வில்லையாக வாங்கலாமா, முழுப் பூவாகவா?

மறுமொழி 1:
அவர்கள் முழுப் பூவைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதிதாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.