நொய்ஹார்டன்பெர்க் மாளிகை பழைய குடும்பத்திடம் திரும்பியது எப்படி?

கேள்வி:
கிழக்கு ஜெர்மனியின் சோவியத் ஆக்கிரமிப்புப் பகுதியில் 1945 செப்டம்பரில் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தின்போது, 100 ஹெக்டேருக்கு மேல் நிலம் வைத்திருந்த பிரபுக்களின் பண்ணைகளும் மாளிகைகளும் இழப்பீடின்றிப் பறிக்கப்பட்டன. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோதும் அந்தப் பறிமுதல்கள் செல்லும் என்றே முடிவாயிற்று. அப்படியிருக்க, பிராண்டன்பர்க்கிலுள்ள நொய்ஹார்டன்பெர்க் மட்டும் 1996இல் ஹார்டன்பெர்க் குடும்பத்துக்குக் கிடைத்தது எவ்வாறு? செல்வாக்குதான் காரணமா?

மறுமொழி 1:
செல்வாக்கு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஊரே அரசர்களின் நன்றிக்கடனால் கைமாறி வந்த ஊர். குனெர்ஸ்டோர்ஃப் போரில் (1759) தம்மைக் காப்பாற்றிய பிரிட்விட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரிக்கு, பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக் 1763இல் இதை வழங்கினார். அப்போது ஊரின் பெயர் குவிலிட்ஸ். பின்னர் 1814இல் பிரஷ்யாவின் முதன்மை அமைச்சர் கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஹார்டன்பெர்க்குக்கு அது கொடையாக வந்தது. கட்டடக் கலைஞர் ஷிங்கெல் 1820க்குப் பின் மாளிகையின்மேல் ஒரு தளம் எழுப்பி, இன்று நாம் காணும் எளிய செவ்வியல் தோற்றத்தைத் தந்தார். ஹார்டன்பெர்க் 1822இல் ஜெனோவாவில் இறந்தார். அவருடைய இதயம் இன்றும் அவ்வூர்த் தேவாலயத்தின் பலிபீடத்தில் இருக்கிறது.

மறுமொழி 2:
கேள்விக்கான விடை 1944இல் இருக்கிறது. அப்போதைய உரிமையாளர் கார்ல்-ஹான்ஸ் ஃபான் ஹார்டன்பெர்க், ஹிட்லரைக் கொல்ல ஜூலை 20 அன்று நடந்த முயற்சியின் பின்னணியில் இருந்த குழுவைச் சேர்ந்தவர். சில நாட்களில் நாஜிகளின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அவரைக் கைது செய்ய வந்தபோது தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தார்; பிறகு சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். சொத்தும் நாஜிகளால் பறிக்கப்பட்டது. நாஜிகளை எதிர்த்தவர் என்பதற்காக நிலச் சீர்திருத்தம் அவருக்கு விலக்கு அளிக்கவில்லை என்பது கசப்பான செய்தி. எனினும், 1933 முதல் 1945 வரை நாஜிகளால் சொத்திழந்தவர்களின் உரிமையை 1990ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் ஏற்கிறது. இந்த முந்தைய பறிமுதல்தான், 1945இல் மட்டும் சொத்திழந்த மற்ற பிரபுக் குடும்பங்களிடமிருந்து ஹார்டன்பெர்க் வாரிசுகளைப் பிரித்துக் காட்டியது.

கேட்டவர்:
தெளிவான விளக்கம், நன்றி. குடும்பத்தினர் இப்போது அங்கே வசிக்கிறார்களா?

மறுமொழி 2:
இல்லை. அடுத்த ஆண்டே, 1997இல், ஜெர்மன் சேமிப்பு வங்கிகளின் கூட்டமைப்புக்கு விற்றுவிட்டார்கள். இத்தகைய மாளிகையைப் புதுப்பிப்பது ஒரு குடும்பத்தின் கைப்பணத்தில் முடிகிற காரியமன்று என்பதால், அது விவேகமான முடிவென்றே எனக்குத் தோன்றுகிறது. புதுப்பிக்கப்பட்ட மாளிகை 2002இல் கலை நிகழ்ச்சிகளுக்கும் கருத்தரங்குகளுக்குமான இடமாகத் திறக்கப்பட்டது.

மறுமொழி 1:
ஒரு சிறு சேர்க்கை: கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஊரின் பெயர் மார்க்ஸ்வால்டே. பழைய பெயர், மாளிகை திரும்புவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மீண்டுவிட்டது.