புல்லட் 350: கம்ப்ரெஷன் ரேஷியோவை 8 ஆக்க ஹெட்டை எவ்வளவு சீவலாம்?

கேள்வி:
பழைய இரும்பு பேரல் புல்லட். போர் 70, ஸ்ட்ரோக் 90 மி.மீ. 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு, இப்போ 351 சிசி. பிஸ்டன் உச்சியில இருக்கும்போது பிளக் ஓட்டை வழியா எண்ணெய் ஊத்தி அளந்தா 55 சிசி பிடிக்குது. 351ஐ 55ஆல வகுத்தா 6.4தான் வருது. சாதாரண பெட்ரோல்தான் போடுவேன். ரேஷியோ 8 ஆக, ஹெட்டோட (சிலிண்டர் மேல் மூடி) அடிப்பக்கத்தை எத்தனை மில்லிமீட்டர் சீவணும்?

பதில் 1:
வகுத்ததோட 1 கூட்டணும் நண்பா. பிஸ்டன் கீழே இருக்கும்போது மொத்த இடம் 351+55 = 406. அதை 55ஆல வகுத்தா 7.4, இதுதான் கம்ப்ரெஷன் ரேஷியோ. ரேஷியோ 8 வேணும்னா மேலே 50 சிசிதான் இருக்கணும், அதாவது 5 சிசி குறையணும். 70.5 போருக்கு 1 மில்லி உயரம் 3.9 சிசி. கணக்குப்படி சுமார் 1.25 மில்லி.

பதில் 2:
லேத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி அந்த 55ஐ இன்னொரு தடவை அளங்க. பிஸ்டன் டிடிசிக்கு (அது ஏறுற உச்சி நிலை) அரை மில்லி கீழே நின்னாலே 2 சிசி கூடக் காட்டும், ரேஷியோ 0.2 தப்பாயிடும். டயல் கேஜ் வெச்சு டிடிசி பிடிங்க. புது கேஸ்கெட் போட்டு, ஹெட் நட்டை முழு டார்க்குக்கு இறுக்கின பிறகுதான் அளக்கணும். பிளக் ஓட்டை உச்சியில வர்ற மாதிரி இன்ஜினைச் சாய்ச்சுக்கோங்க, இல்லேன்னா உள்ளே காத்து நிக்கும். ப்யூரெட்டால (அளவுக் குழாய்) ஊத்தி, பிளக் ஓட்டையோட உள்பக்கக் கடைசி மரையோட நிறுத்துங்க. மட்டம் இறங்கிக்கிட்டே இருந்தா ரிங் வழியாவோ வால்வு வழியாவோ கசியுது, அந்த அளவை நம்பாதீங்க.

பதில் 3:
கணக்கு சரி. ஆனா இரும்பு பேரலுக்கு, அதுவும் சாதாரண பெட்ரோலுக்கு, 8 வேண்டாம்ங்கறது என் கருத்து. சூடு சீக்கிரம் இறங்காது. மேட்டுல டாப் கியர்ல இழுக்கும்போது நாக் அடிக்கும் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாம வெடிச்சு டக்டக்னு சத்தம் வரும்). அப்படியே ஓட்டினா பிஸ்டன் விளிம்பு அரிக்கும், ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவில இருக்கிற பிஸ்டன் பகுதி) உடையும். 0.75 மில்லி மட்டும் சீவுங்க, 7.7 கிட்ட வரும்.

எவ்வளவு சீவினாலும் பிஸ்டன் தலையில களிமண் வெச்சு ஹெட்டைப் பூட்டி, கிராங்க்கைக் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. கழட்டி, பிளேடால வெட்டி, மெல்லிசான இடத்தை அளங்க, அதுதான் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி: இன்லெட் வால்வுக்கு 1.5, எக்ஸாஸ்டுக்கு 2 மில்லி குறையாம இருக்கணும். ஹெட் இறங்கினதால, வால்வைத் திறக்க உதவுற புஷ்ராடும் இறுகும். கீழே டேப்பெட்டை (புஷ்ராட் இடைவெளியை) மறுபடி செட் பண்ணாம ஸ்டார்ட் பண்ணினா வால்வு முழுசா மூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சிலிண்டர் அழுத்தம் அளக்கிற கம்ப்ரெஷன் கேஜ்ல 110 பிஎஸ்ஐ காட்டுது. அதை வெச்சு ரேஷியோ சொல்ல முடியுமா?

பதில் 2:
முடியாது. இன்லெட் வால்வு எப்போ மூடுது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கு, ரிங் எப்படி இருக்கு, எல்லாத்தையும் சேர்த்துத்தான் கேஜ் காட்டும். இன்லெட் வால்வை லேட்டா மூட விடுற கேம் (வால்வை இயக்குற உருளை) போட்டா ரேஷியோ மாறாமலே பிஎஸ்ஐ இறங்கும். சீவறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் த்ராட்டிலை முழுசா திறந்து எடுத்து ஒப்பிட்டுப் பாக்க மட்டும் வெச்சுக்கோங்க.