தார் பாலைக்கு முன் தேவனாம்பட்டினம் மணலில் ஓட்டிப் பழகலாமா?

மஞ்சக்குப்பம்:
பிப்ரவரியில் குடும்பத்தோடு கடலூரிலிருந்து ஜெய்சல்மேருக்குக் காரிலேயே போகிறோம். அங்கிருந்து சம் மணல்மேடு வரை சுமார் 40 கிலோமீட்டர் தார்ச்சாலை. அப்புறம் ஜீப்புகள் ஓடி இறுகிய மண் தடத்தில் கொஞ்ச தூரம் ஓட்ட ஆசை. என் வண்டிக்கு முன்சக்கர இழுவைதான். எளிய தடத்துக்கு அது போதும் என்று நினைக்கிறேன். கை பழக, ஜனவரியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

உப்பளம்:
தாராளமாக ஓட்டுங்கள் அண்ணே. டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்குங்கள். டயர் நீளமாகப் படிந்து பாரம் பரவும், சட்டென்று புதையாது. 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சக்கரம் வழுக்கியதும் அது இன்ஜின் இழுவையைக் குறைத்து நடு மணலில் நிறுத்திவிடும்.

பாகூர் ஏரிக்கரை:
காற்று விஷயம் சரி, இடம்தான் தவறு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிடும். குழி ஒன்றரை அடி ஆழம். மூடிவிட்டுப் போன பிறகு மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதன்மேல் வண்டி ஏறினால் மணல் இறுகி, குஞ்சு வெளியே வர முடியாமல் போகும்.

உப்பளம்:
படகு இழுக்க டிராக்டர் தினமும் இறங்குகிறதே! வனத்துறையும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துவிடுகிறது. ஒரு காரால் என்ன கெட்டுவிடும்?

பாகூர் ஏரிக்கரை:
டிராக்டர் படகுத்துறையில், அவர்கள் பிழைப்புக்காக ஓடுகிறது. நாம் போவது விளையாட. எல்லாக் குழியும் வனத்துறை கண்ணில் பட்டுவிடாது தம்பி. சக்கரத் தடத்தில் விழுந்த குஞ்சு ஏற முடியாமல் நண்டுக்கும் காகத்துக்கும் இரையாகிறது. மண் பழக வேண்டுமென்றால், வெட்டி முடித்த சவுக்குத் தோப்பு ஒன்றில் உரிமையாளரைக் கேட்டு ஓட்டலாமே. உப்புத் தண்ணீர் அடித்து வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிக்கும் கவலையும் இல்லை.

முன்சக்கர இழுவையையும் நான் ஏற்கவில்லை. மேடு ஏறும்போது பாரம் பின்னால் சாய்கிறது, இழுக்க வேண்டிய முன்சக்கரம் பிடியை விடுகிறது. குடும்பத்தை வைத்துக்கொண்டு தனி வண்டியாகப் போகாதீர்கள். சம் பக்கம் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வாழும் கானமயில் என்ற பெரிய பறவை தரையில்தான் முட்டையிடும், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. தடத்தை விட்டு ஒரு சக்கரமும் இறங்கக் கூடாது.

மஞ்சக்குப்பம்:
சரிங்க, கடற்கரை வேண்டாம். ஆனால் நான் மணல்மேடு ஏறப் போவதில்லை. இறுகிய தடத்தில் காலைக் குளிரில், காற்றைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் உருட்டி நிறுத்தினால் என் வண்டியே போதும் என்றுதான் இன்னும் சொல்வேன். மண்வெட்டி, கயிறு, காற்றடிக்கும் கம்ப்ரஸர் எல்லாம் எடுத்துக்கொள்கிறேன். துணைக்கு இன்னொரு வண்டி வருமா என்று கேட்டுப் பார்க்கிறேன். கடலூர் பக்கம் அப்படி வெட்டிய சவுக்குத் தோப்பு யாருக்காவது தெரியுமா?