பாளையங்கோட்டையில் எட்டு மாடி அடுக்ககம்: சிலாப் மேல் மரம் வைக்கலாமா?

கேள்வி – நெல்லைமனை
பாளையங்கோட்டை பக்கம் ஒரு ஏக்கர் மனை. ஸ்டில்ட்டுக்கு (தூண் மட்டும் நிக்கிற திறந்த தரைத்தளம்) மேல எட்டு மாடி, 48 வீடு. தரை முழுக்க கார் நிறுத்தம், அதுக்கு மேல சிலாப் போட்டு மண் கொட்டி வேம்பு, புங்கை வைக்கலாம்னு டிசைனர் சொல்லுதாரு. குடியிருக்கிறவங்க கூடிப் பேசவும் இடம் வேணும். எதைக் கவனிக்கணும்?

பதில் – கம்பிக்கட்டு
அண்ணாச்சி, மரம் தரையிலயே நிக்கட்டும். நனைஞ்ச மண் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ. வேம்புக்கு ஒரு மீட்டர் ஆழமாவது வேணும். அப்போ சதுர மீட்டருக்கு 1,800 கிலோ. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு நாம எடுக்கிற பாரமே 150 கிலோதான்! பீம், தூண், அஸ்திவாரம் எல்லாம் தடிச்சிரும். செம்பருத்தி, நந்தியாவட்டைக்கு 45 செ.மீ. மண் போதும், அதுவே 810 கிலோ.

ஒழுக்கு பெரும்பாலும் சுவரும் சிலாப்பும் சேர்ற மூலையில தான் தொடங்கும். அந்த மூலையை வளைச்சுப் பூசி, வாட்டர்புரூஃபிங்கை மண் மட்டத்துக்கு மேல 15 செ.மீ. ஏத்துங்க. மண் கொட்டுமுன்ன 72 மணி நேரம் தண்ணி கட்டிப் பாக்கணும். பாத்திக்கு ரெண்டு வடிகால் கட்டாயம். ஒண்ணே ஒண்ணு வச்சு அதுல இலை அடைச்சா, 10 செ.மீ. தண்ணி நின்னாலே சதுர மீட்டருக்கு இன்னும் 100 கிலோ ஏறும். கார் நிறுத்தக் கூரையில வெள்ளையா உப்புக் கோடு ஓடினா கசிவுன்னு அர்த்தம்.

பதில் – மேகாத்து
மரத்துக்குத் தரையை எங்க விடுறதுங்கிறதுதான் சிக்கல். தீயணைப்பு வண்டி சுத்துற வழியில நடக்கூடாது. ஓரம் ஓரமா துண்டு துண்டா விடாம, ஒரே இடத்துல மொத்தமா மண்ணை விடுங்க. கார் வரிசையைச் சுருக்கினாத்தான் இடம் கிடைக்கும்.

ஆனி, ஆடியில காத்து மேற்கேயிருந்து. மத்தியானத்துக்கு மேல வெயிலும் அங்கேயிருந்துதான். அதனால காத்து வர மேற்கை அடைக்காதீங்க, வெயிலை மட்டும் மறைங்க: 1.5 மீட்டர் பால்கனி, நிறுத்துவாக்குல மறைப்புப் பட்டைகள். மேல் மாடிக் கைப்பிடிச் சுவர்ல தொட்டி வேண்டவே வேண்டாம், காத்து தள்ளிரும்.

1,000 சதுர மீட்டர் மாடியில 10 செ.மீ. மழைன்னா ஒரு லட்சம் லிட்டர். 2023 டிசம்பர் வெள்ளம் அந்தத் தெருவுல எதுவரை ஏறிச்சுன்னு விசாரிச்சு, மின்பலகையையும் ஜெனரேட்டரையும் அதுக்கு மேல வைங்க.

பதில் – திண்ணை
கிளப் ஹவுஸ் பூட்டியே கிடக்கும். ஆளுங்க எப்படியும் நிக்கிற இடத்துல உக்கார வைங்க: லிஃப்ட் முன்னாடி, ஸ்கூல் வேன் நிக்கிற வாசல்ல. 45 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலத்துல திண்ணை, வயசானவங்க எழுந்திரிக்கப் பக்கத்துல ஒரு கைப்பிடி. தீ விபத்துல ஓடுற வழியை மட்டும் குறைச்சிராதீங்க.

நெல்லைமனை
வேம்பை மண்ணுக்கே இறக்கியாச்சு. எத்தனை கார் குறையும்னு நாளைக்கு வரைபடத்துல பாக்குதேன்.